ஐந்நூறாவது நாள்

...நானூற்றுத் தொண்ணூற்றேழு, நானூற்றுத் தொண்ணூற்றேழு, கழக்கூட்டத்தில் பஸ் ஏறினதிலிருந்து அனந்துவின் வாயில் வேறு எதுவும் வரவில்லை, கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டபோதுகூட கரமனை என்பதற்குப் பதில் நானூற்று என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான், நல்லவேளை அந்த மலையாளத்து மனுஷர் காதில் வாங்கவில்லை... மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸில் வேலை ஓடாமல், கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட பழைய மெயில்களை மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எவனோ கேட்டிருக்கிறான், என் மெஷினை யாரும் அணைக்கவில்லை, ஆனால் எத்தனை நாளாக ஓடுகிறது என்று காட்டுகிற எண்ணிக்கை திடீரென்று பூஜ்யத்துக்குப் போய்விட்டதே, ஏன்? இன்னொருவன் நாலே வரியில் பதில் எழுதியிருக்கிறான், பழைய லினக்ஸில் அந்த எண்ணுக்கு ஒதுக்கின இடம் அவ்வளவுதான், நானூற்றுத் தொண்ணூற்றேழு நாளில் நிறைந்துவிடும், நிறைந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணும், ஸ்கூட்டர் மீட்டர் ஒன்பதெல்லாம் முடிந்து சைபருக்கு வருகிற மாதிரி, மெஷினுக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. கவலைப்படாதே என்று எழுதுவது சுலபம். நாலு வருஷத்துக்கு முன்னால் இதை எனக்கு ஏன் ஒருத்தனும் சொல்லவில்லை? சொல்லியிருப்பான், நீ யாரையாவது கேட்டாயா?

ஸ்ரீகாரியத்தில் பஸ் வழக்கம்போல நின்றுவிட்டது. ஜன்னலோரம் பொரித்த பழத்தின் மணம், அந்த மணம் வந்தால் வித்துரா ஞாபகம் வந்துவிடும், அவனும் சிநேகிதன் பிரபினும் சிபியுவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் போன பஸ், அங்கே ஒரு டுட்டோரியல் காலேஜில் நாலு கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள், பிரபினுக்குக் கூலி கப்பைக்கிழங்கும் மீன்கறியும், அனந்துவுக்கு வெறும் கப்பையும் சம்மந்தித் துவையலும், முடிந்ததும் அங்கிருந்தே பொன்முடி ஏறி, கோடையிலும் பல் தந்தியடிக்க பால் விடாத ஒரு கட்டஞ்சாயா... பிற்பாடு கம்பெனி செலவில் ஸ்வீடன் வரை போய்வந்தும் அந்தச் சுகம் வரவில்லை. பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி அது, மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லாடின பிறகு திரையில் ஒரு சாம்பல் நிற ஜன்னல் தெரிந்ததும் பிரபின் எழுந்து நின்று கைகூப்பினான். பைத்தியம்தான், ரெண்டு பேருக்குமே. யார் மெஷின் அணையாமல் அதிக நாள் ஓடுகிறது என்று போட்டி வேறு, ஒரு வார்த்தை தட்டினால் ஒரு வரி வரும், இத்தனை நாள், இத்தனை மணி. திருவனந்தபுரத்துக் கரண்டை நம்பி இப்படிப் போட்டி போடலாமா? அதற்காக யுபிஎஸ்ஸில் லாரி பேட்டரியை மாட்டினான். பிரபினுடையது நூற்றுப்பத்தில் இடி விழுந்து போயிற்று. அனந்துவுடையது ஓடிற்று, முந்நூறு, முந்நூற்றைம்பது, அப்போதுதான் ஸ்வீடன் வந்தது, ஐந்து மாதம்.

அந்த ஐந்து மாதமும் அதை ஓடவைத்தது யார்? அப்பா. பிச்சுமணி என்று பெயர், தபால் ஆபீஸில் சார்ட்டிங் செய்து ரிட்டையரானவர், கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துத் தட்டினதில்லை, ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, காலண்டரில் சுழித்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் பேச்சே அதுதான். "ஓடறதுடா. சத்தம் கேக்கறதோ பாரு," என்று வயர் எட்டின மட்டும் ரிசீவரை மெஷின் பக்கம் நீட்டிப் பிடிப்பார், அனந்து அங்கே குளிரில் நின்றுகொண்டு அந்த இரைச்சலைக் கேட்பான், அதற்கு நிமிஷத்துக்கு எத்தனை ரூபாய் ஆனாலும் சரி. ஐயோ, அந்த மனுஷரையா...

பாளையம் தாண்டியாயிற்று. ஐந்நூறாவது நாளுக்கு முந்தின நாள் ஸ்வீடனிலிருந்து வந்து இறங்கினான். பிரபின் வந்த பிறகே பார்ப்பது என்று மெஷின் பக்கம்கூடப் போகவில்லை. பிரபின் பப்ஸ் பொட்டலத்தோடு வந்தான், அப்பா வேஷ்டி மாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார், அவனுக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு மாதமான கௌசல்யா காபி டம்ளர்களோடு வந்தாள், அனந்து தட்டினான், மூன்று நாள் என்று வந்தது. மூன்று நாள். பிரபின் சிரித்துவிட்டான். யாருமில்லாத அறையில் ஃபேன் ஓடினால் பொறுக்காத அப்பா, ராத்திரி வீடு முழுக்கச் சுற்றி ஸ்விட்ச்சுகளை அணைத்துவிட்டே படுக்கிற அப்பா, வேறு யார்? "நான் தொடலேடா," என்றார். "பின்னே யாராக்கும் தொட்டா?" என்று கேட்டான், மறுபடி கேட்டான், பிரபின் முன்னால் குரலை உயர்த்திக் கேட்டான். அப்பா ஒரு நிமிஷம் அறையை, வாசற்படியை, அங்கே நின்றவளைப் பார்த்தார். "ஷரி. நாந்தான் அணைச்சேன். ஓர்மை இல்லாம செஞ்சிருப்பேன். போருமா?"

ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் முதல் பாடமாக என்ன சொல்வான்? யாரையும் குறை சொல்வதற்கு முன்னால், மெஷின் தானே எழுதி வைக்கிற லாக்கைப் பார். எப்போது அணைந்தது, எப்போது மறுபடி ஓட ஆரம்பித்தது, எல்லாம் அதில் எழுதியிருக்கும், இரண்டு நிமிஷ வேலை. அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதோடு போயிற்றா, கோபத்தில் பவரைப் பிடுங்கிவிட்டுப் புது சிடியைப் போட்டு எல்லாவற்றையும் துடைத்தான். ஆக, ஐந்நூறாவது நாளன்று அதை அணைத்தவன் அவனேதான். அப்புறம், வயசானவர், போகட்டும் என்று பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டான், அந்த மன்னிப்பை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. அதற்குப் பிறகு அப்பா அந்த வீட்டில் ஒரு ஸ்விட்ச்சையும் தொடுவதில்லை. போடுவதும் இல்லை, அணைப்பதும் இல்லை. இருட்டினாலும் யாராவது வந்து லைட்டைப் போடும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். வயசின் மந்தம் என்று நினைத்திருந்தான். அப்படித்தான் நினைத்தாயா, இல்லை, அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்ததா?

கிள்ளிப்பாலம், கரமனை, இறங்கி நடந்தான். கூடத்தில் அப்பா இருட்டில் உட்கார்ந்திருந்தார், கௌசல்யா உள்ளே சமையலில் இருந்தாள். செருப்பைக் கழற்றினவன் லைட்டைப் போடாமல், முகம் தெரிய வேண்டாம் என்று, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். "அப்பா, அந்தப் பழைய மெஷின் அன்னிக்கு நிக்கவே இல்லை. யாருமே அணைக்கலை. அதோட எண்ணிக்கை நெறஞ்சு மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணியிருக்கு. நாந்தான் தெரியாம..." பஸ் முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தைகள், மன்னிச்சுக்கோங்கோ என்பது, எல்லாம் அங்கேயே நின்றுபோயின.

அப்பா உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார். "அப்போ இவளும் இல்லையாடா?"

"எவ?"

"கௌசல்யாதான். அந்த ரூமை அவளாக்கும் பெருக்குவா. துடைப்பம் வயர்ல தட்டியிருக்கும்னு நெனச்சேன். புதுசா வந்த பொண்ணு, பிரபினும் நிக்கறான், நீ நின்ன கோலம்... நேக்கென்ன, நாலு பேச்சு. சாரமில்லை, போட்டும்னு தோணித்து."

அனந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான், நாலு வருஷத்தில் அவரைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும். அன்றையிலிருந்து கௌசல்யா கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் துடைப்பம் விடுவதில்லை. மண்டியிட்டு, வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, ஈரத்துணியால் துடைப்பாள், நாலு வருஷமாக, தினமும். நல்ல சுத்தக்காரி என்று பிரபினிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அப்பா ஒத்துக்கொண்ட அன்று அவள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டானா? உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது, "வந்தாச்சா? லைட்டைப் போட்டுண்டா என்ன?" என்று அவள் குரல் வந்தது, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளே கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள், இவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது...