நிக்கோல் எழுதிக் கொடுத்த பவர்

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த நொடியில் நிக்கோலின் மூக்குக்கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிட்டது. வலது கண்ணுக்கு மைனஸ் நாலு, இடது கண்ணுக்கு நாலே கால் என்றிருந்த பவர் மொத்தமும் போயிற்று. பக்கத்தில் நின்ற கணவன் லாயிட்டின் முகம் அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. அவர்கள் குடியிருக்கும் லிங்கராஜபுரத்தில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. எழுதிக் கொடுத்தால் போகத்தானே செய்யும் என்பார்கள்.

தங்கவயலில் அப்பா விட்டுப்போன மனையைப் பார்த்துக்கொள்ள நிக்கோலுக்கு நேரமில்லை. காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். லீவு என்றாலே ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் கடுகடுக்கும். லாயிட் போய்வரட்டும், அவன் பேரில் பவர் எழுதிவிடலாம் என்று முடிவானது. பத்திரம் எழுதும் கோவிந்தன் ஒழுங்காகத்தான் கேட்டார்: "ஜெனரல் பவரா, ஸ்பெஷல் பவரா மேடம்?" மனைக்கு மட்டும் என்றால் ஸ்பெஷல் போதும். அவளுக்கோ மூன்றாவது பீரியட் கவலை. "எல்லா பவரும் எழுதிடுங்க சார்," என்றாள். அவரும் எழுதிவிட்டார்.

அன்று முதல் அவள் உட்கார்ந்த அறையில் ஃபேன் சுற்றவில்லை. காய்ச்சல் மாத்திரை போட்டால் சாக்பீஸ் தின்ற மாதிரிதான். போர்டில் இரண்டு பவர் மூன்று என்று எழுதினால், மேலே இருந்த மூன்று உதிர்ந்து விழுந்து வெறும் இரண்டு நின்றது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவளுடைய அதட்டலுக்கு முதல் பெஞ்சுகூட அடங்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் சரியாகாவிட்டால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டாள். பதினான்கு வருடமாக அந்த வகுப்புதான் நிக்கோலுக்கு உயிர். விடைத்தாளை மூக்கில் ஒட்டிவைத்து, அழுதுகொண்டே திருத்தினாள்.

லாயிட்டுக்கு எல்லாம் இரட்டிப்பாகிவிட்டது. அவனுடைய மெக்கானிக் ஷெட்டில் பேட்டரி செத்த வண்டிகள் அவன் கை பட்டதும் உறுமின. அரசியல் கட்சிக்காரர்கள்கூட அவனைக் கண்டு எழுந்து நின்றார்கள். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. பெண்டாட்டி சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ரத்து செய்யப் போனார்கள். கொடுத்தவள்தான் ரத்து செய்ய வேண்டும். ஆனால் அவள் கையில் பேனா எழுதவில்லை, கட்டைவிரலில் மை ஒட்டவில்லை. கையெழுத்துப் போடும் பவரும் சேர்ந்தல்லவா போயிருந்தது.

மறுநாள் லாயிட் அவளிடம் சொல்லாமல் கோவிந்தனிடம் போனான். அவளுடையது, தன்னுடையது, எல்லாவற்றையும் அவள் பேருக்கே எழுதச் சொன்னான்.

"ஸ்வல்ப யோசனை பண்ணுங்க சார். உங்ககிட்ட ஒண்ணும் மிஞ்சாது."

"அவ கிளாஸ் எடுக்கணும் சார். எழுதுங்க."

அவன் கையெழுத்துப் போட்ட நேரத்தில் பள்ளியில் போர்டில் இரண்டின் தலைமேல் மூன்று அசையாமல் நின்றது. கடைசி பெஞ்சு கப்சிப். நிக்கோலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கு ஓடினாள். ஸ்பேனரைத் தூக்க முடியாமல், ஸ்டார்ட் ஆகாத வண்டிகளுக்கு நடுவே லாயிட் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"லூசு! எல்லாத்தையுமா குடுப்ப?"

"நீ குடுத்த இல்ல?"

பாலும் தண்ணீருமாகக் கலந்துவிட்டது, இனி பிரிக்க முடியாது, முறை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கோவிந்தன். திங்கள் முதல் சனி வரை தினமும் சாயங்காலம் மூன்றரை மணிவரை அவளுக்கு, அப்புறம் அவனுக்கு என்று புதுப் பத்திரம் எழுதினார். அந்த வருடம் கணக்கில் ஒரு பிள்ளையும் ஃபெயிலாகவில்லை. மாலையில் லாயிட் விடைத்தாளை வாசிக்க, நிக்கோல் கேட்டு மார்க் சொல்கிறாள். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையை எழுதக் கோவிந்தன் மறந்துவிட்டார். அன்று இருவருக்குமே பவர் கிடையாது. காலிங்பெல் அடிக்காது, டிவி வராது, ஃபோன் எடுக்காது. அவன் முகம் தெரிய வேண்டுமென்றால் அவள் மூக்கோடு மூக்கு வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருத்தி எழுதித் தருகிறேன், வாருங்கள் என்று கோவிந்தன் நாலைந்து தடவை சொல்லிவிட்டார். ஆகட்டும் சார் என்கிறார்கள், இன்னும் போகவில்லை.