சரி அக்காவின் அரை மணி நேரம்

எனக்கு எந்த மாதிரிப் பாட்டுப் பிடிக்கும் என்று நாற்பத்தேழு வயதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அவமானத்தில்தான் இத்தனையும் நடந்தது.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் எனக்கு வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ப்பக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவே மடிக்கிற மேஜை. அலமாரிக்கு மேலே ஒரு ஸ்பீக்கர். அறையில் நடக்கும் எல்லாச் சண்டைக்கும் மூலகாரணம் அந்த ஸ்பீக்கர்.

என்னோடு ஜோடி சேர்ந்து படுக்கை விரிப்பு மடிப்பவளுக்கு மத்தளம் என்று பெயர். நாங்கள் வைத்த பெயர்தான். கையில் வேலை இல்லாவிட்டால் மேஜையைத் தட்டுவாள். குத்துப்பாட்டு இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. உலர்த்தும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சோகம் என்று பெயர். ஆள் என்னவோ நன்றாகச் சிரிப்பார், கேட்பதெல்லாம் காதலி விட்டுப்போன பாட்டு. என் பெயர் சரி அக்கா. யார் என்ன சொன்னாலும் "சரி" என்கிறேனாம்.

ஒரு நாள் மத்தளமும் சோகமும் ஸ்பீக்கரின் ஒயரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, அது மேலேயிருந்து விழுந்து, ஒரு மூலை நசுங்கிப்போனது. சூப்பர்வைசர் அக்கா வெள்ளைப் பலகையில் பட்டியல் போட்டுவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், நாளுக்கு ஒருவர். வியாழக்கிழமை என் பெயர்.

"எனக்கு எதுக்கு? யாராவது போட்டுக்குங்க" என்றேன்.

அவ்வளவுதான். என் வியாழக்கிழமைக்காக இருவரும் மறுபடி அடித்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இந்தாம்மா, உன் நேரத்தை நீதான் வெச்சுக்கணும். தானம் தர்மம்லாம் கிடையாது. அடுத்த வியாழன் உனக்குப் புடிச்சதைப் போடு. இல்லன்னா ஸ்பீக்கரைக் கழட்டி உள்ள வெச்சுடுவேன்."

"உனக்கு என்னதான் புடிக்கும் அக்கா?" என்று மத்தளம் கேட்டாள்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அன்று மாலை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால், கல்யாணத்துக்கு முன் அப்பா போட்டதைக் கேட்டேன். கல்யாணத்துக்குப் பின் இவர் போட்டதைக் கேட்டேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். தினமும் காலையில் தன் சர்வீஸ் வேனில் என்னை வேலைக்கு இறக்கிவிட்டுத்தான் போவார். பின்னால் ஸ்பானர்கள் குலுங்கும், முன்னால் வீணை ஒலிக்கும். இவர் வீட்டில் சங்கீதம் தெரிந்தவர் யாரும் இல்லை. கேட்டுக் கேட்டுத் தானே கற்றுக்கொண்ட மனிதர். அந்தப் பெருமை நியாயமானதுதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பாட்டையும் அவர் சும்மா ஓடவிடமாட்டார். பாதியில் நிறுத்துவார்.

"இப்ப அந்தத் தந்தியை எப்படி இழுத்தாரு, கவனிச்சியா?"

"கவனிச்சேங்க. நல்லா இருக்கு."

இருபத்து மூன்று வருடமாக இதே பதில். பூம்பூம் மாடுகூட இடையில் ஒரு தடவை தலையை ஆட்டாமல் இருந்திருக்கும். பல நேரம் நான் கவனித்தே இருக்கமாட்டேன். ராத்திரிக்கு என்ன சமைப்பது, மகளுக்கு விடுதிக் கட்டணம் எப்போது கட்டுவது என்று மனம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் பாட்டு மறுபடி ஓடும், வேலை முடிந்தது.

மகள் விட்டுப்போன இயர்போனை எடுத்துக்கொண்டேன். வெள்ளியிலிருந்து தேட ஆரம்பித்தேன். மாலை பஸ் நிறுத்தத்தில், சாப்பாட்டு இடைவேளையில், காய் நறுக்கும்போது, எப்போதும் காதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய டூயட் போட்டேன், அப்பா ஞாபகம் வந்தது, பாட்டு ஞாபகம் இல்லை. குத்துப்பாட்டு போட்டேன், மத்தளம் முன்னால் வந்து நின்றாள். வேகமாகப் பேசிக்கொண்டே பாடுகிறார்களே, அது போட்டேன். அந்தப் பையன் என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. கிடார் அலறுவது, புல்லாங்குழல், வெளிநாட்டுப் பெண்ணின் ஒப்பாரி மாதிரி ஒன்று, எல்லாம் போட்டேன். பத்து விநாடி கேட்பேன், அடுத்தது. மறுபடி பத்து விநாடி, அடுத்தது. கட்டைவிரல் வலித்தது. புதன்கிழமை வந்துவிட்டது, எனக்குப் பிடித்தது மட்டும் வரவில்லை. இத்தனை பேர் இத்தனை விதமாகப் பாடிவைத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றுகூட இல்லையா என்று கழிவறையில் நின்று அழுதேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கென்று ஒரு ருசியே கிடையாதோ என்று உண்மையிலேயே பயந்துபோனேன்.

புதன் மதியம் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். ஏப்ரன் பையில் போன், ஒரு காதில் மட்டும் இயர்போன். விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனை பிடிக்க வேண்டும், உதற வேண்டும், இழுக்க வேண்டும், எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நடுவில் ஒருத்தி கையை விட்டால் விரிப்பு தரையில் விழும், திரும்பத் துவைக்கப் போகும். அதனால் போன் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவியபோது என்னால் அதை மாற்ற முடியவில்லை.

டிரம்பெட். ஒரே ஒரு ஆள் ஊதினான். பாட்டு வரி கிடையாது. தாளம் பின்னால் எங்கோ இருந்தது, இவன் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு பக்கம் போவான், "ஐயோ, இது இல்லை" என்கிற மாதிரி திரும்புவான், வேறு பக்கம் ஓடுவான். முட்டுவான், மறுபடி கிளம்புவான். வீட்டில் சாவியைத் தொலைத்தவன் தேடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அந்த வாரம் முழுக்க மனதுக்குள் என்ன நடந்ததோ, அதை யாரோ ஒருவன் வெளியே நின்று ஊதிக்கொண்டிருந்தான்.

ஆறு நிமிடம். அத்தனை நேரமும் என் இரண்டு கையிலும் விரிப்பு. கை மட்டும் சும்மா இருந்திருந்தால் பத்தாவது விநாடியில் அவனையும் தள்ளிவிட்டிருப்பேன்.

"என்ன அக்கா, தனியா சிரிக்கிற?" என்றாள் மத்தளம்.

"கிடைச்சுடுச்சு" என்றேன்.

வியாழக்கிழமை ஸ்பீக்கரில் அவனைப் போட்டேன். என்னையே மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, இது என்ன யானைக்கு வயித்து வலியா?" என்றாள் மத்தளம்.

"கொஞ்சம் கேளேன்."

"எதைக் கேக்கறது? அடி எங்க விழுதுன்னே தெரியல. அடி தெரியாம காலு எப்படி நகரும்?"

சோகம் உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்திவிட்டே வந்தார். "பாட்டுன்னா வரி வேணும்மா. அழறதுக்கு ஒரு வார்த்தையாவது குடுக்கணும். இவன் ஊதிட்டே இருக்கான், எதுக்கு ஊதறான்னு சொல்லமாட்டேங்கிறான்."

"உங்க பாட்டுல சொல்றாங்களே, போயிட்டா, போயிட்டான்னு. போனவ எத்தனை வருஷமாப் போயிட்டே இருப்பா?" என்றேன்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சரி அக்கா வாதாடுகிறாள்!

"சரி, இவன் என்னதான் பண்றான்? நீயே சொல்லு" என்றார் அவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

தெரிந்தவரை சொன்னேன். "அவனுக்கு எங்க போறதுன்னு தெரியல. ஆனா நிக்கமாட்டேங்கிறான். எனக்குப் புடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

சிக்கல் என்னவென்றால், மத்தளம் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த ஊதலுக்கு இரண்டு பேர் சேர்ந்து விரிப்பு மடிக்க முடியாது. நான் முன்னால் போனபோது அவள் பின்னால் போனாள். ஒரு தடவை நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டோம். அரை மணியில் எண்பது மடிக்கிற நாங்கள் அன்று ஐம்பத்தெட்டு. சூப்பர்வைசர் அக்கா அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போச்சு, என் அரை மணி போச்சு என்று நினைத்தேன். வேண்டாம் என்று தள்ளிய அதே அரை மணிக்காக இப்போது கெஞ்சத் தயாராக இருந்தேன்.

"வியாழக்கிழமை அந்த அரை மணி விரிப்பு வேணாம். எல்லாரும் துண்டு மடிங்க" என்றார். துண்டு தனியாள் வேலை.

"அக்கா, அப்ப வாராவாரம் இதைக் கேக்கணுமா?" என்று மத்தளம் அலறினாள்.

"வாரத்துக்கு ஒரு அரை மணி. செத்துடமாட்ட."

அந்த சந்தோஷத்தில்தான் தப்புச் செய்தேன். மறுநாள் காலை வேனில் இவரிடம் சொன்னேன். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். இவருக்குப் பிடிக்காது, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று கிண்டலடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், இவருக்குப் பிடித்துவிட்டது.

"அட! இது எங்க புடிச்ச?" என்றார். கண் மின்னியது.

ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான். சனிக்கிழமை தன் போனில் நாற்பது டிரம்பெட் இசை சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த வாத்தியத்துக்கு எத்தனை பொத்தான், மூச்சு எங்கே வாங்க வேண்டும் எல்லாம் தெரிந்துகொண்டார். திங்கட்கிழமை வேனில் பாதியில் நிறுத்தினார்.

"இப்ப அந்த மூணாவது சுத்துல என்ன பண்ணான், கவனிச்சியா?"

இருபத்து மூன்று வருடத்தில் எனக்கென்று கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் மூன்றே நாளில் அவருடையதாகி, எனக்கே பாடமாகிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செவ்வாயும் அப்படியே போனது.

புதன்கிழமை ஹோட்டலின் பின்வாசலில் வேனை நிறுத்தியவர், நான் இறங்கும் முன் கையைப் பிடித்தார்.

"இரு, இரு. இதைக் கேட்டுட்டுப் போ. நீ கேக்கறது சுமார் ரகம். இவன்தான் நிஜமான ஆளு."

போட்டார். ஒரு கிழவர் ஊதுகிற மாதிரி இருந்தது. அவசரமே இல்லை. ஒவ்வொரு சுரமும் கழுவி வைத்த பாத்திரம் போலச் சுத்தம். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி? உன்னோடதைவிட நல்லா இருக்கா இல்லையா?"

"நல்லா இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "எனக்குப் புடிக்கல."

"என்னது?"

"எனக்குப் புடிக்கலங்க."

"நல்லா இருக்குன்னு இப்பதானே சொன்ன?"

"நல்லாதான் இருக்கு. இந்த ஆளு தேடறதை எல்லாம் கண்டுபுடிச்சுட்டாரு. என் ஆளு இன்னும் தேடிட்டு இருக்கான். எனக்கு அவன்தான் வேணும். அவன் சுமார்னா இருந்துட்டுப் போகட்டும். என் ஆளை நீங்க கேளுங்க, வேணாம்னு சொல்லல. எனக்கு விளக்காதீங்க."

முழுசாகச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தார். லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்டு, எந்த மாடியிலிருந்து என்று தெரியாமல் நிற்கும்போது அப்படித்தான் பார்ப்பார்.

"அப்ப இத்தனை வருஷம் நல்லா இருக்குன்னு சொன்னியே," என்றார் மெதுவாக, "அதெல்லாம்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் அரை மணியைப் பற்றி மட்டும்தான் நினைத்திருந்தேன். அவர் எனக்காகத் தேடித் தேடிப் போட்ட இருபத்து மூன்று வருடம் அந்த ஒரு வார்த்தையில் ஆட்டம் கண்டுவிட்டது. பாவமாக இருந்தது. "எல்லாமே புடிச்சுதுங்க" என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியலங்க. முதல்ல இருந்து போடுங்க. ஒவ்வொண்ணாச் சொல்றேன்."

"உனக்கு நேரமாகுதே."

"ஆகட்டும்."

பழைய பட்டியலைத் திறந்தார். முதல் பாட்டைப் போட்டார். நிறுத்தவில்லை, விளக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை எழுதியவன் வாத்தியார் கையிலிருக்கும் பேப்பரைப் பார்ப்பது போல.

"அடுத்தது" என்றேன்.

அடுத்ததைப் போட்டார். அது அவருக்கு உயிர், எனக்குத் தெரியும்.

"அடுத்தது."

மூன்றாவதும் நான்காவதும் அப்படியே போயின. பின்வாசலில் மத்தளம் நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். நான் இறங்கவில்லை.

ஐந்தாவது வீணை. எத்தனையோ காலையில் கேட்டதுதான், சமையலை நினைத்துக்கொண்டு. அன்றைக்குத்தான் அது எங்கே போகிறது என்று கூடவே போனேன். நடுவில் ஒரு இடத்தில் தந்தி தயங்கியது, திரும்பியது, வேறு பக்கம் பார்த்தது. அவர் கை அடுத்ததை அழுத்தத் தயாராக இருந்தது.

"இருக்கட்டும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமாவா?"

இருபத்து மூன்று வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.