இரண்டு உறைகள்

அந்த ஜூன் மாதம் நான் இரண்டு கிளப்புகளுக்குப் பாதிப் பாதி சொந்தமாக இருந்தேன்.

பதிமூன்று வயதிலிருந்து வல்லோராவில் வளர்ந்தவன். பெரிய கால்பந்து கிளப். எனக்குப் பத்தொன்பது ஆனதும் என்னில் பாதியை மோந்தெரானோவுக்கு விற்றார்கள். மோந்தெரானோ இரண்டாம் டிவிஷன். அங்கே ஒரு பருவம் நடுக்களத்தில் இருபத்திரண்டு ஆட்டங்கள் ஆடினேன். பருவம் முடிந்ததும் நான் முழுதாக யாருக்கு என்று இரண்டு கிளப்பும் பேசி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் ஆளுக்கொரு தாளில் ஒரு தொகையை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மிலானில் லீக் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதிகம் எழுதியவருக்கு ஆள். மற்றவருக்குப் பணம்.

அவர்கள் பேசி முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி கெடு. நான் அப்பாவின் தோட்டத்தில் பீச் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். ஏணியில் நான். கீழே பெட்டிகளோடு அப்பா.

"ஏண்டா லோரிஸ், இடது காலு யாருது?"

"சும்மா இருங்கப்பா."

"தெரிஞ்சுக்கணும்ல. நீ விழுந்து வச்சா நான் எந்த கிளப்புக்கு போன் பண்றது?"

ஏழு ஐந்துக்கு ஃபௌஸ்தோ கூப்பிட்டார். அவர் என் ஏஜென்ட்.

"ரெண்டு உறையும் உள்ள போயிருச்சு. ரெண்டு பேருக்குமே நீ வேணும். அடிச்சுக்கிறாங்க."

"யாரு ஜெயிப்பாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி இந்தத் தொழில்ல இருக்கேன்?"

நம்பினேன். மே மாதம் வல்லோராவின் டைரக்டர் என்னிடம், "நீ எங்க வீட்டுப் பிள்ளை" என்றிருந்தார். கடைசி ஆட்டம் முடிந்து மோந்தெரானோவின் டைரக்டர் ரவல்லி என் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "உன்ன எவனுக்கும் விட மாட்டேன்" என்றிருந்தார். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது. எது நடக்க வேண்டும் என்று என்னால் ஆசைப்பட முடியவில்லை. யாராவது ஒருவர் நான் முழுதாக வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். அது போதும்.

மறுநாள் காலை பதினொன்றுக்குப் போன் வந்தது.

"எங்க இருக்க?" என்றார் ஃபௌஸ்தோ.

"ஏணில."

"எறங்கு."

இறங்கினேன்.

"ரெண்டும் காலி."

"என்ன காலி?"

"தாள் இருந்துச்சு. உன் பேரு இருந்துச்சு. பொறந்த தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்துச்சு. தொகை போடுற எடத்துல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருமே எழுதல."

"மறந்துட்டாங்களா?"

"இதெல்லாம் யாராவது மறப்பாங்களா?"

"அப்ப நான் யாருக்கு?"

"கடைசியா ஆடுன கிளப்புக்குன்னு விதி. மோந்தெரானோ. முழுசா." கொஞ்சம் நிறுத்தி, "சும்மாவே" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு ஜெயிச்சா?"

"மோந்தெரானோ."

"எவ்வளவு போட்டாங்க?"

"ஒண்ணும் போடல. வல்லோராவும் போடல."

"ஏலத்துல எவனும் கேக்கலன்னா பழத்த வீட்டுக்கே..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். குடித்துவிட்டு மறுபடி ஏறினேன்.

அன்று மாலை ஊர்க் காபி பாருக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. சீட்டாடிக்கொண்டிருந்த மெக்கானிக் திவோ தலையைத் தூக்காமலே கேட்டார்.

"லோரிஸ், எங்க ஞாயித்துக்கிழமை டீமுக்கு வர்றியா? நாங்களும் அதே தொகை தர்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காபிக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அது அன்பா கிண்டலா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வல்லோராவின் டைரக்டரை நானே கூப்பிட்டேன்.

"தப்பா நெனச்சுக்காத லோரிஸ். மோந்தெரானோ உனக்காகப் பெரிய தொகை எழுதுவாங்கன்னு உறுதியா இருந்தோம். போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அவங்க பணத்தையாவது வாங்கிக்கலாம்னு விட்டுட்டோம். உன் மதிப்பு அப்படி."

அடுத்து ரவல்லி.

"வல்லோரா உன்ன விடவே மாட்டாங்கன்னு நெனச்சேன். நான் எழுதி என்ன ஆகப்போவுது? ஆனா பாரு, நீயே எங்களுக்கு வந்துட்ட."

"டைரக்டர், உங்களுக்கு நான் வேணுமா, வேண்டாமா?"

"அதான் கெடச்சிட்டியே. அப்புறம் என்ன கேள்வி?"

சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரொட்டியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அவங்க ரொம்ப மதிச்சாங்க, இவங்க ரொம்ப மதிச்சாங்க. அதனால ரெண்டு பேரும் ஒண்ணும் எழுதல."

"ஆமா."

"சொல்றப்ப சரியாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "எங்கயோ இடிக்குது" என்றார்.

ஜூலை பதினான்காம் தேதி மலைமேல் பயிற்சி முகாம். பேருந்தில் ஏறியதும் கோல்கீப்பர் கலேயோத்தி எழுந்து கை தட்டினான்.

"வாடா வாடா! நமக்குக் கெடச்ச இனாம் வந்தாச்சு!"

மூன்று நாள் ஓடினோம். மரங்களுக்கு நடுவே, மேட்டில். பந்தைக் கண்ணில் காட்டவில்லை. நான்காம் நாள் காலை மிஸ்டர் சர்தோரி மைதானத்து ஓரம் தனியாக நின்று கூம்புகளை வைத்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளரை எங்கும் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அருகில் போனேன்.

"மிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"என்னை வச்சுக்கச் சொல்லி டைரக்டர்கிட்ட நீங்க கேட்டீங்களா?"

ஒரு கூம்பை வைத்தார். அதைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார்.

"நடுக்களத்துக்கு ரெண்டு பேர் வேணும்னு கேட்டேன்."

"என் பேரச் சொல்லி?"

"பேரு எதுவும் சொல்லல." என்னைப் பார்த்தார். "சொல்லியிருக்கணுமா?"

"தெரியல மிஸ்டர்."

"எனக்கும் தெரியல. போய் ஷூவைக் கட்டு."

பாதி மைதானத்தில் ஆட்டம். மிஸ்டர் பனியன்களை வீசினார். சிவப்பு பத்து, நீலம் பத்து. நான் மட்டும் மிச்சம். எனக்கு மஞ்சள் வந்தது.

"பந்து எந்தப் பக்கம் இருக்கோ நீ அந்தப் பக்கம் ஆடு," என்றார்.

பனியனைத் தலைவழியே மாட்டிக்கொண்டே கலேயோத்தியைக் கேட்டேன்.

"மஞ்சளை யாருக்குக் குடுப்பாரு?"

"பந்தைத் தொலைக்காதவனுக்கு," என்றான்.

பக்கத்தில் நின்ற டிஃபெண்டர் துப்பினான். "அட போடா. இருபத்தொரு பேரு இருக்கோம். ஒருத்தன் உபரி. அவ்ளோதான்."

விசில் அடித்தது. சிவப்பிடம் பந்து. நான் சிவப்பு. ஒரு பாஸ் கொடுத்தேன். அவன் தொலைத்தான். நான் நீலம். இப்போது நான் பாஸ் கொடுத்த அதே ஆள் என் கணுக்காலைத் தேடி வந்தான். முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொரு முறையும் தாமதமாகத் திரும்பினேன். இரு பக்கமும் திட்டினார்கள்.

"டேய், நீ இப்ப எங்காளுடா!"

"எந்திரிடா மஞ்சள்!"

பிறகு திரும்புவதை நிறுத்தினேன். பந்தை மட்டும் பார்த்தேன். கொஞ்சம் சுலபமாக இருந்தது.

நடுவில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் மோதி விழுந்தார்கள். பந்து தெறித்து என் காலுக்கு வந்தது. கடைசியாகத் தொட்டது யார் என்று நான் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தினேன். இடது ஓரத்தில் சிவப்பு ஒன்று கையைத் தூக்கி, "லோரிஸ்!" என்றது. வலது ஓரத்தில் நீலம் ஒன்று, "லோரிஸ், இங்க!" என்றது.

மிஸ்டரைப் பார்த்தேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன எதுக்குப் பாக்குற? ஆடு!"

முன்னால் வெறும் புல் இருந்தது. பந்தைத் தள்ளிக்கொண்டு அதில் ஓடினேன். இரண்டு நிறமும் பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. என்னிடமிருந்து பறிக்க வருபவர் யார், எனக்குத் துணைக்கு வருபவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.