எல்லாரும் ஒரே கலர்

எங்கள் மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் இஸ்திரிக்காரிக்கு ஒரு மகள் உண்டு என்பது தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து வயதுக் குழந்தையைப் புருஷன் வீட்டார் வைத்துக்கொண்டு இவளை மட்டும் வெளியே அனுப்பினார்கள். பத்தொன்பது வருஷம் இதை நான் வெளியே விடவில்லை. நம்பினால் நம்புங்கள்.

அந்த மகள் போன மாதம் போன் செய்தாள். இவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். சுவரும் மெல்லிசு, அதற்கு நான் என்ன செய்ய?

"எனக்குக் கல்யாணம்மா. குடும்பத்தோட ஒரு போட்டோ எடுக்கணும், அதுல நீங்களும் நிக்கணும். எல்லாரும் ஒரே கலர்ல வர்றோம்."

போனை வைத்ததும் கீழே இறங்கிப் போனேன். "என்ன கலர்னு கேட்டியா?"

"எப்படிக்கா கேக்கறது? துணி எடுத்துக் குடுன்னு கேட்ட மாதிரி ஆயிடும்."

ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. மகள் வீட்டுக்குத் தைக்கும் தையற்காரர் கடைப்பக்கம் நானே ஒரு நடை போய்வந்தேன். உள்ளே பன்னிரண்டு மெரூன் உடுப்புகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் கல்யாணத் தேதி எழுதிய சீட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பினேன். நான் கேள்வி கேட்காமல் விட்ட ஒரே இடம் அதுதான்.

மெரூன் என்று நான் சொன்னதும் அவள் பெட்டியைக் கொட்டினாள். மெரூனாகத் தேறியதில் அவளுக்கென்று வாங்கியது எதுவுமில்லை. டீச்சர் கொடுத்த நீளப் பாவாடை, டாக்டர் வீட்டம்மா உடம்பு போட்டதால் கழித்த சட்டை, சலவைக் கடையில் யாரும் திரும்ப வாங்க வராத ஸ்வெட்டர், பூச்சி அரித்ததால் நான் தாராளமாகக் கொடுத்த சால்வை. ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஸ்வெட்டர் கொஞ்சம் பிரவுன் அடிக்குதுக்கா" என்று ஒதுக்கினாள். வெளுத்த சட்டை சால்வைக்குள் மறைந்தது. பூச்சி அரித்த ஓரம் மடிப்புக்குள் போனது. கடையில் ஒரே செட்டாக எடுத்ததுபோல் இருந்தாள். பொய் சொல்ல மாட்டேன்.

"கல்யாணப் பொண்ணு நீயா, உன் மகளா?" என்றேன். வெட்கப்பட்டாள்.

துணைக்கு நானும் போனேன். கூப்பிடவில்லைதான்.

மண்டபத்து மேடையில் குடும்பம் முழுக்க வெளிர்நீலத்தில் நின்றது. மெரூன் போட்டிருந்தவர்கள் தட்டேந்திப் பரிமாறிக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்கள்.

"வா, போயிடலாம்" என்றேன்.

"நிக்கறேன்னு சொல்லியிருக்கேனேக்கா."

இரண்டடி வைப்பதற்குள் ஒருவர் அவள் கையில் காலி டம்ளரைத் திணித்தார். இன்னொருவர் அதன்மேல் இன்னொன்று. மேற்பார்வைக்காரன் தட்டோடு வந்தான். "வேடிக்கை பாக்கவா வந்தே? மேடைக்குத் தண்ணி கொண்டு போ."

கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மகள் டம்ளரை வாங்கிக் குடித்தாள். மேளமும் பேச்சும் காதைப் பிளந்தன. தட்டுப் பக்கம் குனிந்து, "அக்கா, ஒரு உதவி. எங்கம்மா வரேன்னாங்க. எனக்கு முகம்கூட ஞாபகமில்ல. வாசல்ல யாராவது தனியா நிக்கிறாங்களான்னு பாக்கறீங்களா?" என்றாள்.

பக்கத்தில் நின்ற அத்தைக்காரி சிரித்தாள். "தண்ணி குடுக்கறவகிட்ட போய்க் கேக்கறியே."

இஸ்திரிக்காரி மகளைப் பார்த்தாள். பிறகு நீலத்தில் நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள்.

"பாக்கறேம்மா."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். "எச்சி டம்ளர் எடுத்தத இத்தன பேரும் பாத்தாச்சுக்கா. அதுக்கப்புறம் அம்மான்னு எப்படிப் போய் நிக்கறது? அவ தலை குனிய வேணாம்."

வாசல்வரை போய், நிஜமாகவே யாரையோ தேடுகிறவள்போல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்பி மேடைக்கு ஏறினாள்.

"யாரும் இல்லம்மா."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமே" என்றாள் மகள். நேரமாகிறது என்று அப்பா அதட்டினார். எல்லாரும் நெருங்கி நின்றார்கள். இஸ்திரிக்காரி தட்டோடு படத்தில் விழாத இடமாக ஒதுங்கினாள்.

போட்டோக்காரர் மூன்று தடவை சொல்லிவிட்டார். "இங்க பாரும்மா. வாசலையே பாத்தா எப்படி?"