யார் முந்தி

பெரியப்பா தேநீரில் பிஸ்கட்டை முக்கி, அது ஒடிந்து விழுவதற்குள் வாயால் கவ்வி, மென்றபடியே கேட்டார்: "நீதான் அந்தப் படிப்பு படிக்கிறியே, சொல்லு. உன் பெரியம்மா இன்னும் எத்தனை வருஷம் தாங்குவா?"

பெரியம்மா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், அடுத்த தம்ளரை நீட்டியபடி. கேட்டவருக்கும் கூச்சமில்லை, கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் முகம் மாறவில்லை. தம்பி மகளான இவள்தான் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

இவள் கல்லூரியில் புள்ளியியலும் ஆக்சுவேரியல் சயின்ஸும் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். யார் எந்த வயதுவரை இருப்பார்கள், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கணக்குப் போடும் படிப்பு. வீட்டில் எல்லோருக்கும் இவள் கணக்குப்புலி. ஆயுள் அட்டவணையை வைத்துக்கொண்டு இதுவரை லட்சம் பேரையாவது சாகடித்திருப்பாள். அவர்களில் ஒருத்தருக்கும் முகம் கிடையாது. அதனால் கை நடுங்கியதும் கிடையாது.

விஷயம் இதுதான். பெரியப்பா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பென்ஷனை இரண்டு விதமாக வாங்கலாம். முழுசாக வாங்கினால் அவர் இருக்கும்வரைதான். அவருக்குப் பிறகு பெரியம்மாவுக்குச் சல்லிக்காசு வராது. கொஞ்சம் குறைத்து வாங்கினால், அவருக்குப் பிறகு பாதி பெரியம்மாவுக்கு அவள் ஆயுள் முழுக்க வரும். முழுசாக வாங்குவதற்குப் பெரியம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அவளுக்குச் சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷமாச்சு. காலெல்லாம் வீங்குது. எனக்கு முன்னாடியே போயிடுவா. அவ பேரைச் சொல்லி மாசாமாசம் எதுக்குக் குறைச்சு வாங்கணும்? தண்டம்தானே?"

"அப்பா சொல்றது நியாயம்தானே," என்றான் அண்ணன், அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "முழுசா வந்தா எனக்கு வண்டி வாங்கவும் உதவும்."

இரண்டு பேர் முகத்திலும் காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பிவிட்டுப் போனால் பெரியம்மாவின் கதி? அவளுக்கென்று சேமிப்பு ஏதும் கிடையாது. பிள்ளையின் லட்சணமோ கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. கணக்குதான் அவளைக் காப்பாற்றும் என்று இவள் உறுதியாக நம்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். இருவர் வயது, பெரியம்மாவின் சர்க்கரை, பெரியப்பாவின் சிகரெட் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள்.

"பெரியப்பா, நாலுல மூணு பங்கு வாய்ப்பு, நீங்கதான் முந்திப் போவீங்க. பெரியம்மாவோட சர்க்கரையையும் சேர்த்துத்தான் போட்டேன். அவங்க உங்களைவிட எட்டு வயசு சின்னவங்க, நீங்க சிகரெட்டை வேற விடல. உங்களுக்கு அப்புறம் சராசரியா பத்து வருஷம் அவங்க தனியா இருப்பாங்க. குறைச்சு வாங்கறதுதான் சரி."

அண்ணன் போனைக் கீழே வைத்தான். பெரியப்பா வாயிலிருந்ததை விழுங்க மறந்து இவளையே பார்த்தார். மீசையில் ஈரத்தூள் ஒட்டியிருந்தது.

"என்னடி சொன்ன? என் வீட்டுல உட்கார்ந்துகிட்டு நான் சாவேன்னு சொல்றியா?"

"நீங்கதானே கேட்டீங்க?"

"நான் அவளைப் பத்தித்தானே கேட்டேன்!"

அந்தக் குரலில் இருந்தது நிஜமான வேதனை. அதுதான் இவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. தனக்கும் சாவு உண்டு என்று மனுஷன் ஒரு நாளும் நினைத்ததில்லை. பெண்டாட்டியின் சாவை மட்டும் பிஸ்கட்டோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தார்.

பெரியம்மா தம்ளரை டக்கென்று வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு? படிச்ச திமிரா? அவர் நல்லா இருப்பார். எங்கே போடணும் கையெழுத்து, குடுங்க."

"பெரியம்மா, வேண்டாம்," என்று அவள் கையைப் பிடித்தாள் இவள். பெரியம்மா உதறிவிட்டு, முழு பென்ஷனுக்கான சம்மதப் படிவத்தில் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதி முடித்தாள். பெரியப்பா நிம்மதியாக அடுத்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

இனி அந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்க முடியாது என்று இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது, வீங்கிய காலை இழுத்து இழுத்து யாரோ பின்னால் வரும் சத்தம் கேட்டது. திட்டியதற்குச் சமாதானம் சொல்ல வருகிறாள் என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவருக்கு அப்புறம் நான் தனியா பத்து வருஷம்னு சொன்னியே, நிஜமா?" என்றாள் பெரியம்மா, உள்ளே கேட்காத குரலில்.

"சராசரிதான் பெரியம்மா. கூடலாம், குறையலாம்."

பெரியம்மா ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"குறையறதுக்கு என்னடி பண்ணணும்?"