நடுப்பாத்திச் சணப்பு

என் கணவர் பிராங்க்ளின் கடைசியாக எழுதியது ஒரு மனு. மேலூர் போகும் டவுன் பஸ் எங்கள் படுகை நிறுத்தத்தில் நிற்பதில்லை, அதைத் தாண்டி நாற்பத்திரண்டு எட்டு தள்ளிப் புளியமரத்தடியில்தான் நிற்கிறது என்பது அதன் சாரம்.

ஜூலை முதல் தேதி காலை, அதே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தபடி மனுவை என்னிடம் நீட்டினார். நான் முப்பத்தோரு வருடம் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தவள். வீட்டில் யார் எதை எழுதினாலும் என் கண்ணில் பட்ட பிறகுதான் வெளியே போகும். ‘பெரும் இன்னலுக்கு ஆளாகி’ என்று எழுதியிருந்தார். நாற்பத்திரண்டு எட்டு நடப்பதற்கு இவ்வளவு பெரிய வார்த்தையா என்று சிரித்துக்கொண்டே அதை அடித்தேன்.

“எனக்காக இல்ல ராணி,” என்றார். “விதை வாங்க வரப்போறவங்களுக்கு.”

அன்றும் பஸ் புளியமரத்தடியில்தான் நின்றது. எண்ணிக்கொண்டே திரும்பி நடந்தோம். மாலையில் வீட்டுக்கு வந்து பின்பக்கம் கால் கழுவப் போனார். குழாய் ஓடும் சத்தம் நிற்கவே இல்லையே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அவ்வளவுதான். அவருக்கு அறுபத்து மூன்று வயது.

அந்த விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பிராங்க்ளின் ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். சுத்தியல் சத்தத்திலேயே காலம் போனதில் வலது காது முழுக்கவும், இடது காது முக்கால்வாசியும் போய்விட்டது. ஓய்வு பெற்ற மறுவருடம் மார்ச்சிலேயே திருச்சியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டது. பாலக்கரையில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க முடியவில்லை. அந்தக் கோடையில்தான் அவர் மண்ணைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். வெயிலைக் குறைக்க நம்மால் முடியாது, வெயில் படுகிற மண்ணை மூடிவைக்க முடியும் என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரைக்கு உள்பக்கம், ஆற்றை ஒட்டிய படுகையில் அழகர்சாமி என்பவருக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. அதில் அரை ஏக்கர் வாழை போட்டுப் போட்டு, உப்பு உரம் கொட்டிக் கொட்டி, சுட்ட ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. “வெச்சுக்குங்க சார், அதுல கோரைகூட வராது,” என்று கொடுத்தார். பிராங்க்ளின் அடிப்பக்கம் வெட்டிய பால் டின் ஒன்றை அந்த மண்ணில் பதித்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வாட்சைப் பார்த்தார். தண்ணீர் இறங்கப் பத்தொன்பது நிமிடம் ஆனது. வீட்டுக்கு வந்து அதை ஒரு நோயாளியின் காய்ச்சலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த மண்ணுக்கு அவர் கண்ட மருந்து சணப்பு. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூக்கும் நார்ச்செடி. பூக்கும்போது மடக்கி உழுதால் மண்ணுக்குச் சோறு. முற்றவிட்டு ஊறவைத்து உரித்தால் நைலானுக்கு வேலை இல்லாத கயிறு. போன வருடம் கடையில் வாங்கிய விதை முளைக்கவில்லை. மணப்பாறை மாட்டுச் சந்தையில், மூக்கணாங்கயிறு விற்ற ஒருவரிடம் ஒரு சாக்கு நாட்டுச் சணப்பு விதை இருந்தது. அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். மார்ச் பத்தாம் தேதி விதைத்தோம். ஏப்ரல் கடைசியில் பூத்தது. கிழக்குப் பாதியை மடக்கி உழுதோம். மேற்கே நாலு பாத்தியை விதைக்கு விட்டோம்.

ஜூனில் உழுத பாதியில் மறுபடி டின்னைப் பதித்தார். தண்ணீர் மூன்று நிமிடத்தில் இறங்கியது. வாட்ச் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். பிறகு படுகை முழுக்க ஓடி, வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டினார். ஒவ்வொருவரும் தாங்களே ஊற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள். கடைசியில் இருபத்தாறு பேர் வருகிற கோடைக்கு விதை கேட்டார்கள். அத்தனை பேருக்கும் தருவதாகச் சொல்லிவிட்டார். விதை இன்னும் பிஞ்சாகச் செடியில் நின்றது.

சணப்புக் காய் முற்றியதைக் கண்ணால் நம்ப முடியாது. காதால் கேட்க வேண்டும். முற்றினால் உள்ளே விதை பிரிந்து, செடியை அசைத்தால் கிலுகிலுவென்று சத்தம் வரும். அது தெரிந்ததும் பிராங்க்ளின் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. “எனக்குன்னு பாத்துக் கெடைச்சிருக்கு பாரு பயிரு. நீதான் கேட்டுச் சொல்லணும்.” அதற்குப் பத்து நாளில் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் முப்பதாம் நாள் பூசை முடியும்வரை கணவனை இழந்தவள் வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். நான் பன்னிரண்டாம் நாளே மேலூர் பஸ் ஏறினேன். என் அண்ணன் சவரிராயனுக்கு அதில் ரொம்ப வருத்தம். பிராங்க்ளின் உயிரோடு இருந்தபோது அவரை “புல்லுக்கட்டு மாப்ளே” என்று கேலி செய்தவர் அண்ணன். இப்போது நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜெபமாலையோடு உட்காரச் சொன்னார்.

பதினெட்டாம் நாள் வரப்பில் நடந்தபோது முந்தானை பட்ட செடி கிலுகிலுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களோடு முதல் நாளிலிருந்து வேலை செய்யும் ராசாத்தியைக் கூப்பிட்டு ஒரு வரிசையை அறுத்துவிட்டேன். பத்து விதையை பிராங்க்ளினின் துண்டில் ஈரமாக முடிந்துவைத்து மூன்றாம் நாள் பிரித்தேன். மூன்றுதான் முளைத்திருந்தது.

“ஓரத்துச் செடி வெயில்ல காஞ்சு சத்தம் போடுதுக்கா, முத்தல,” என்றாள் ராசாத்தி. “சாரு சொல்லுவாருல்ல, நடுப்பாத்தியில நின்னு கேக்கணும்னு. புக்கு படிச்ச நீங்களே இப்புடிப் பண்ணா?”

அதற்குப் பிறகு தினமும் போனேன். நடுப்பாத்திக்குள் புகுந்து, தலைக்கு மேல் தண்டுகள் மூடிக்கொள்ள, ஒரு செடியைப் பிடித்து அசைப்பேன். சத்தம் இருக்காது. அதற்குள் கர்நாடகத்தில் கொட்டிய மழையில் மேட்டூர் நிரம்பிவிட்டது. இருபத்தொன்பதாம் நாள் பிற்பகல் அழகர்சாமி போன் செய்தார். உபரித் தண்ணீர் முக்கொம்பு அணைக்கு வந்துகொண்டிருக்கிறது, நாளை மத்தியானம் கொள்ளிடத்தில் திறக்கிறார்கள், அதற்குள் படுகையைக் காலி செய்யச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போகிறார்கள் என்றார். “சணப்ப மறந்துடுங்கம்மா. மனசு விட்டுராதீங்க.”

முற்றாமல் அறுத்தால் முளைக்காது. விட்டுவைத்தால் ஆறு கொண்டுபோகும். அடுத்த பஸ்ஸில் போய் இறங்கி, நாற்பத்திரண்டு எட்டும் ஓடினேன். நடுப்பாத்தியில் நின்று மூச்சு அடங்கும்வரை காத்திருந்து ஒரு செடியை மெல்ல அசைத்தேன்.

கிலுகிலுத்தது.

பக்கத்துச் செடியை அசைத்தேன். அதுவும். இரண்டு கையாலும் கிடைத்ததை எல்லாம் பிடித்து உலுக்கினேன். நாலு பக்கமும் சத்தம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வரப்பில் நின்ற ராசாத்தி பயந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். முப்பதாம் நாள்கூட முடியாத விதவை சணப்புக்குள் நின்று சிரிக்கிறாளே என்று நினைத்திருப்பாள். பிறகு அவளும் ஒரு செடியைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஆனால் அறுக்க ஆள் இல்லை. படுகை முழுக்க அவரவர் வாழைத்தாரை வெட்டி ஏற்றுவதிலேயே இருந்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது. நாலு பாத்தியை நானும் ராசாத்தியும் வெட்டி முடிக்க நாலு நாளாகும். அன்று இருட்டிவிட்டது; எனக்கு இருந்தது மறுநாள் காலை அரை நாள். அந்த அரை நாளின் ஆரம்பத்தில் அவருடைய முப்பதாம் நாள் பூசை இருந்தது.

பூசை காலை ஆறு மணிக்கு. கோவில் நிறைய உறவுக்காரர்கள். பெங்களூரிலிருந்து வந்த மகள் ஜென்சி என் பக்கத்தில் முழந்தாள் போட்டிருந்தாள். நான் ஜெபிக்கவில்லை. ஒரு பாத்திக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி ஆசீர் முடிந்ததும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்வது வழக்கம். வாசக மேடையில் போய் நின்றேன்.

வந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். பொங்கலும் வடையும் தயார், ஆனால் மண்டபத்தில் இல்லை, கொள்ளிடப் படுகையில் என்று சொன்னேன். மத்தியானம் தண்ணீர் வருகிறது, அதற்குள் பிராங்க்ளினின் விதையைக் கரையேற்ற வேண்டும், முடிந்தவர்கள் வாசலில் நிற்கும் இரண்டு வேனிலும் ஏறுங்கள் என்றேன். கோவிலுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பங்குத்தந்தை குனிந்து பீடத்துணியை மடித்தார். சிரிப்பை மறைத்தார் என்று ஜென்சி பிறகு சொன்னாள்.

வாசலில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பூசைக்கு வந்த சனத்த அறுப்புக்குக் கூப்புடுறியே, உனக்கு என்னம்மா ஆச்சு?”

“அன்னைக்கு உங்க மாப்ளைக்குப் பூப்போட வந்தீங்கல்ல அண்ணே,” என்றேன். “அவரு வச்ச பூவு காயாயிருச்சு. அதையும் எடுத்துட்டுப் போங்க.”

முப்பத்து நாலு பேர் ஏறினார்கள். அண்ணன் முதல் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, பொங்கல் அண்டாவுக்குக் காவலாக வருவதாக எல்லோரிடமும் சொன்னார்.

படுகையில் இறங்கும்போது எட்டேகால். எங்களிடம் ஒன்பது அரிவாள்தான் இருந்தது. ஒன்பது பேர் அறுக்க, மற்றவர்கள் கட்டுக் கட்டாகக் கரைமேல் கொண்டுபோனார்கள். கைக்கு வந்ததை ஒடிக்காதீங்க, காய் வெடிக்கும், அடியில பிடிச்சு அறுங்க என்று ராசாத்தி கத்திக்கொண்டே இருந்தாள். வங்கி மேனேஜரையும் கன்னியாஸ்திரியையும் ஒரே குரலில் விரட்டினாள். ஜென்சி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு கரைக்கும் பாத்திக்கும் ஓடினாள். பத்து மணி வாக்கில் பார்க்கிறேன், அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி மூன்றாவது பாத்தியில் நிற்கிறார். சின்ன வயதில் உறையூர் வாய்க்காலில் கோரை அறுத்த கை. மற்ற யாரும் அவரை எட்ட முடியவில்லை.

கட்டுகள் தோளில் ஏறி நகரும்போது அந்தச் சத்தம் கூடவே போனது. இருபது கட்டு ஒரே நேரத்தில் கரையேறும்போது, படுகை முழுக்கக் குழந்தைகள் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல இருந்தது. அண்ணன் அரிவாளோடு நிமிர்ந்து நின்று கேட்டார்.

“இதையா அவரு கேக்க முடியாமக் கெடந்தாரு?”

“ஆமா,” என்றேன். “நான்தான் கேட்டுச் சொல்றதா இருந்தேன்.”

அண்ணன் தான் அறுத்த கட்டைத் தானே தூக்கி, என் காதுக்குப் பக்கத்தில் ஒரு தடவை குலுக்கிவிட்டுக் கரையேறினார்.

பதினொன்றரைக்கு வாழைத்தாரை இறக்கிவிட்டு அழகர்சாமி டிராக்டரோடு வந்தார். கரைமேல் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்தார். மூன்று பாத்தி முடிந்து நாலாவதில் பாதி போயிருந்தபோது மேற்கே கரைக்காவல்காரர்கள் விசில் ஊதினார்கள். ஆற்று நடு மணலில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. கோடு அகலமானது. எல்லோரையும் கரைமேல் ஏறச் சொன்னேன். ராசாத்தி மட்டும் இன்னும் ஒரு கட்டு என்று திரும்ப, ஜென்சி அவள் சேலையைப் பிடித்து இழுத்துவந்தாள். மீதிப் பாதிப் பாத்தி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் அளவு நீரில் ஆடியது, பிறகு சாய்ந்தது. கரைமேல் நின்று ஆறிப்போன பொங்கலை இலையில்லாமல் கையிலேயே வாங்கித் தின்றோம். அவ்வளவு ருசியாக நான் பொங்கல் தின்றதில்லை.

காயவைத்து, அடித்து, புடைத்து முடிக்க ஒரு வாரம் ஆனது. பத்து விதையை எடுத்து அதே துண்டில் முடிந்துவைத்தேன். மூன்றாம் நாள் பிரித்தேன். ஒன்பது முளைத்திருந்தது. உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். பத்தாவது என்ன ஆச்சு என்று கேட்டார்.

மார்ச்சில் இருபத்தாறு பேரும் விதைத்தார்கள். பாதிப் பாத்தி போனதால் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் அளந்தேன். அண்ணனுக்கும் இரண்டு கை கொடுத்தேன். மேலூர்ப் படுகையில் இந்த ஏப்ரலில் கரைமேல் நின்றால் கண்ணுக்கு எட்டினவரை மஞ்சள். பால் டின் இப்போது படுகையில் யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், நேற்றுத்தான் அடுத்தவர் வாங்கிப் போனார் என்கிறார்கள்.

அந்த மனுவையும் அனுப்பினேன். நான் அடித்த ‘பெரும் இன்னலுக்கு ஆளாகி’யைத் திரும்ப எழுதிச் சேர்த்து அனுப்பினேன். மனு பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது என்று அவர் பெயருக்கே பதில் வந்தது.

பஸ் இன்னும் புளியமரத்தடியில்தான் நிற்கிறது. நாற்பத்திரண்டு எட்டு.