விழுங்கப்பட்ட பெயர்

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுப் புரட்டாதி நண்பகல். குளிர்காற்று கூரைத்துணிகளைத் தடவி அசைக்க, மீனும் கீரையும் கம்பளியும் கலந்து மணக்க, பன்மொழிக் கூவல்கள் கடலிரைச்சலெனப் புரள, இலண்டன் மாநகரின் கீழ்த்திசையிலுள்ள வால்தம்ஸ்டோவின் நெடிய அங்காடித்தெரு ஓசையும் ஒளியுமாய் அலைபாய்ந்துகொண்டிருந்தது. அத்தெருவோரத் தையற்கடைக்குள், தன் குடியிற் பட்டம் பெற்ற முதற்பெண்ணாகிய ஜதுர்ஷிகா, ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கவேண்டிய, நபிகளின் மொழிகளை எடுத்துரைத்த பண்டை அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றிய முதுகலை ஆய்வேட்டை மார்போடணைத்து, மலர்ந்த முகத்தினளாய் நுழைந்தாள்.

அக்கா முறை வைத்து அவள் ‘ராத்தா’ என்றழைக்கும் தையற்காரி ஜெஸீமா யாழ்ப்பாணத்து முசுலிம் குடியிற் பிறந்து, இளமையிலேயே அரபு கற்றுத் தேர்ந்தவள். எழுத்துக்கூட்ட மட்டுமே அறிந்திருந்த ஜதுர்ஷிகாவுக்கு, நோன்புக் காலத்திலும் வறண்ட நாவோடு, ஞாயிறுதோறும் பழைய அரபு நூல்களை வரிவரியாய் வாசித்துப் பொருள் உரைத்தவளும் அவளே.

“முடிஞ்சுதோ பிள்ளை? உன்ர ஆளை நம்பலாமோ, ஏலாதோ?”

“நம்பலாம் ராத்தா. பொய் சொல்லாத மனுசன். ஒரேயொரு குறைதான்.”

அக்குறையாவது: நபிமொழி அறிவிப்பாளராகிய அப்பெரியார், இடைநின்ற ஒருவர்வாய்க் கேட்டதை, அவர் பெயரை விழுங்கி, மூத்த ஆசிரியரிடமே நேரிற் பெற்றதுபோல் தோன்ற உரைத்தார் என்பது. அதனாற் பழைய திறனாய்வாளர், ‘நானே கேட்டேன்’ என்று அவர் வெளிப்படக் கூறியவற்றை மட்டுமே தயங்காது ஏற்றனர்.

ஜெஸீமா ஊசியை வைத்துவிட்டு ஏட்டைப் புரட்டினாள். பேராசிரியருக்கு நன்றி, நூலகத்துக்கு நன்றி, அடுத்து, ‘அரபு மூலங்களை நானே வாசித்தேன்’ என்றொரு வரி. அவள் உரக்கச் சிரித்தாள்.

“அடி கள்ளி! அந்தாளின்ர வேலையை நீயும் செய்திட்டாய். என்னை அப்பிடியே விழுங்கிட்டாய்!”

“மேற்படிப்பு ஸ்கொலர்ஷிப்புக்காக ராத்தா... நானே அரபு வாசிப்பன் எண்டுதான் புரொபசர் கடிதம் எழுதியிருக்கிறார்.”

“விடு பிள்ளை. நான் தைக்கிற காற்சட்டையிலயும் என்ர பேர் இல்லைத்தானே. ஓடு, நேரம் போகுது.”

கசப்பில்லாச் சொல் அது, ஆதலாற் சுட்டது. தன் பெயரைத் திருத்தமாய் உச்சரிக்க முயலாத பல்கலைக்கழகத்தின்மேல் ஆண்டுக்கணக்காய்க் கனன்றவள், தன் கையாலேயே ஒருத்தியின் பெயரைத் துடைத்திருந்தாள். ஜதுர்ஷிகா தையல்மேசையில் ஏட்டை விரித்து, அவ்வரியை அடித்து, மேலே மையால் எழுதினாள்: ‘இம்மூலங்களை எனக்கு வாசித்து விளக்கியவர் ஜெஸீமா.’

“விசரி! பைண்ட் பண்ணின புத்தகத்தில கிறுக்கிறாய்!” என்று ஜெஸீமா பதறினாள், ஆயினும் தடுக்கவில்லை.

பேராசிரியர் அவ்வரியைக் கண்டு முகஞ்சுளித்துத் தம் கடிதத்தைத் திருத்தினார். உதவித்தொகை வேறொருவரைச் சேர்ந்தது. ஜதுர்ஷிகாவுக்குச் சினம் மூளாமல் இல்லை. ஆயினும் அச்செய்தி வந்ததற்கு அடுத்த ஞாயிறு, நூல்துணுக்குகள் சிதறிய அம்மேசையின் முன் அமர்ந்து, இம்முறை தன் வாயாலேயே, தடுக்கித் தடுக்கி அவள் அரபு வாசிக்கலானாள். பிழைதோறும் ஜெஸீமா நகைத்துத் திருத்தினாள். கொடுத்த கைக்கு ஒரு பெயருண்டென்று ஊரறியச் சொல்லிவிட்ட நெஞ்சுக்கு, இழந்தது எத்துணைப் பெரிதாயினும், சுமக்கக் கூடியதாகிறது.